பிரெஞ்சு வினைச்சொல்லைப் பிரிப்பது எப்படி: உறுப்பு வேறு, அசை வேறு

பிரெஞ்சு படிக்கிறவர்களின் நோட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் வினைச்சொல் பட்டியல்தான். ஒரு வினைக்கு ஆறு வடிவம். காலம் மாறினால் ஆறும் மாறும். அதை அப்படியே உருப்போடுகிறவர்களுக்கு நாலாவது காலத்தைத் தொடும்போது முதல் காலம் கலங்கிவிடும். பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சுமை பாதியாகக் குறையும். எழுத்துப் பிழையும் குறையும்.

பிரிப்பது என்பதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, சொல்லைப் பொருள்தரும் உறுப்புகளாகப் பிரிப்பது. இன்னொன்று, வாயில் வருகிறபடி அசைகளாகப் பிரிப்பது. இரண்டிலும் வெட்டு ஒரே இடத்தில் விழாது. இரண்டையும் ஒரே வீச்சில் செய்யப் போவதால்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன.

தமிழ் படித்தவருக்கு இது புதிதல்ல. ‘பேசினோம்’ என்பதை உறுப்பாகப் பிரித்தால் பேசு + இன் + ஓம். வாயால் பிரித்தால் பே-சி-னோம். ‘இன்’னில் இருந்த ன் என்ற மெய் அடுத்து வந்த ஓகாரத்தோடு ஒட்டி ‘னோ’ ஆகிவிட்டது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பு என்று நன்னூல் சொல்வது இதைத்தான். பிரெஞ்சிலும் இதேதான் நடக்கிறது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பத்தாம் வகுப்புவரை எழுதிய பகுபத உறுப்பிலக்கணம் பிரெஞ்சு வினைக்குக் கையுறைபோலப் பொருந்தும். அதைத் தூசி தட்டி எடுங்கள்.

தொடங்குமுன் இங்கே கையாளும் குறிகள். உறுப்பு பிரியும் இடத்தில் கூட்டல் குறி. அசை பிரியும் இடத்தில் சிறு கோடு. பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்புக்கு ஏறத்தாழ நெருக்கமாகத் தமிழில் எழுதியிருக்கிறோம். எழுத்துக்கூட்டும் இடங்களில் எல்லாருக்கும் பழகிய ஆங்கில எழுத்துப் பெயர்களே, நடுவில் புள்ளியோடு: ஓ.என்.எஸ் என்பது போல. ‘பார்லோன்’ (பேசுகிறோம்) என்று எழுதும்போது கடைசி ‘ன்’ தனி மெய்யல்ல. ஓகாரத்தை மூக்கு வழியாகவும் விடுவதற்கான அடையாளம். நாக்கு மேலண்ணத்தைத் தொடவே கூடாது.

கையில் இரண்டு நிறப் பென்சில் இருந்தால் போதும். சொல்லை எழுதி, உறுப்பை மேலே ஒரு நிறத்தில் சாய்கோடு போட்டுப் பிரியுங்கள். அசையைக் கீழே இன்னொரு நிறத்தில் பாலம்போல வளைகோடு இட்டுக் காட்டுங்கள். ஒலிக்காத எழுத்துகளை மெல்லியதாகச் சாம்பல் நிறத்தில் தீட்டிவிடுங்கள். பிரான்சில் சிறுபிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் புத்தகங்களிலும் இப்படித்தான் வளைகோடும் சாம்பல் எழுத்தும் இருக்கும்.

முதல் படி: வலக்கோடியிலிருந்து விகுதியை எடுங்கள்

வினையை இடமிருந்து வெட்டத் தொடங்காதீர்கள். பகுதி மாறக்கூடியது, விகுதிதான் நிலையாக நிற்பது. அதனால் முதலில் எழுவாயைப் பாருங்கள்.

‘நூ’ (நாம், நாங்கள்) என்றால் விகுதி ஓ.என்.எஸ். நிகழ்காலம், எதிர்காலம், நிபந்தனை என்று எங்கே போனாலும் இதுதான். விலகி நிற்பவை இரண்டே. ‘இருக்கிறோம்’ என்று பொருள்படும் ‘சொம்’ ஒன்று. கதை எழுத்தில் மட்டும் வரும் பழைய இறந்தகாலம் இன்னொன்று. அந்த இறந்தகாலத்தில் எம்.இ.எஸ் என்று முடியும்.

‘வூ’ (நீங்கள்) என்றால் இ.இசட். விலக்கு மூன்று: இருக்கிறீர்கள் என்ற ‘எத்’, செய்கிறீர்கள் என்ற ‘ஃபெத்’, சொல்கிறீர்கள் என்ற ‘தீத்’. மூன்றும் டி.இ.எஸ் என்று முடியும். மேலே சொன்ன பழைய இறந்தகாலமும் அப்படியே.

‘அவர்கள்’ என்றால் இ.என்.டி. எதிர்காலத்தில் மட்டும் ஓ.என்.டி. நிகழ்காலத்தில் ஓ.என்.டி வருவது நாலே வினைகளில்: ஸோன் (இருக்கிறார்கள்), ஓன் (வைத்திருக்கிறார்கள்), வோன் (போகிறார்கள்), ஃபோன் (செய்கிறார்கள்). இந்த நாலையும் பிரிக்கப் பார்க்காதீர்கள். அவை உருகி ஒன்றாகிப் போனவை.

ஒருமையில் இரண்டு வரிசை. மூலவடிவம் (அகராதியில் நிற்கும் வடிவம்) இ.ஆர் என்று முடியும் வினைகளுக்கு இ, இ.எஸ், இ. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எஸ், எஸ், டி. முடியும், வேண்டும் என்ற பொருள்தரும் ‘ப்ப’, ‘வ்வ’ போன்ற சிலவற்றில் எஸ்ஸுக்குப் பதில் எக்ஸ் வரும். பகுதியே டி என்ற எழுத்திலோ ஆங்கில ‘டாக்’கில் வரும் ‘டி’யிலோ முடிந்தால் ‘அவன்’ வடிவத்தில் இன்னொரு டி ஒட்டாது. விற்கிறான் என்ற ‘வான்’ அப்படித்தான், வி.இ.என்.டி என்று நின்றுவிடும். அதிலுள்ள டி ‘டாக்’கின் டி.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆங்கில எழுத்துப் பெயரில் இரண்டும் ‘டி’ என்றே தமிழில் எழுதப்படுவதால், இனி ‘டாக்’கின் எழுத்தை டாக்-டி என்றும், ‘டேபி’ளின் எழுத்தை வெறும் டி என்றும் குறிப்போம்.

இரண்டாம் படி: இடைநிலையைத் தேடுங்கள்

விகுதியைக் கழித்த பிறகு அதற்கு இடப்பக்கம் ஒட்டி நிற்பதைப் பாருங்கள். பிரெஞ்சில் இரண்டு இடைநிலைகளைத் தெரிந்துகொண்டால் பெரும்பங்கு முடிந்தது.

ஒன்று, தொடர் இறந்தகாலத்தின் இடைநிலை. ‘பேசிக்கொண்டிருந்தோம்’ என்ற பொருள். நூ, வூ இரண்டுக்கும் முன்னால் அது ஐ என்ற ஒற்றை எழுத்து. மற்ற நாலு இடத்தில் ஏ.ஐ. ஆகவே பார்ல் + ஐ + ஓ.என்.எஸ் (பார்லியோன்), பார்ல் + ஏ.ஐ + எஸ் (பார்லே), பார்ல் + ஏ.ஐ + இ.என்.டி (இதுவும் பார்லே).

இன்னொன்று ஆர். எதிர்காலத்தின் அடையாளம் அதுதான். பார்ல் + இ + ஆர் + ஓ.என்.எஸ் (பார்லரோன், பேசுவோம்). நடுவில் நிற்கும் இ எதற்கு என்றால், இ.ஆர் வினையின் மூலவடிவத்தில் இருக்கும் உயிரே இங்கே வந்து இணைப்பது. சாரியை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபினிர் (முடித்தல்) வினையில் அந்த இடத்தில் ஐ இருக்கும்: ஃபின் + ஐ + ஆர் + ஓ.என்.எஸ். வாந்ர் (விற்றல்) வினையில் ஒன்றுமே இராது: வாந் + ஆர் + ஓ.என்.எஸ்.

எதிர்காலத்தின் ஒருமை விகுதிகள் ஏ.ஐ, ஏ.எஸ், ஏ. இவை தனியே பிறந்தவையல்ல. லத்தீனில் ‘பேச வைத்திருக்கிறேன்’ என்பதுபோல வினையின் மூலவடிவத்தோடு ‘வைத்திரு’ என்ற துணைவினையைச் சேர்த்துச் சொன்னது நாளடைவில் ஒட்டிப்போனது. அதனால்தான் ‘அவ்வார்’ (வைத்திருத்தல்) வினையின் நிகழ்காலம் தெரிந்தவருக்கு எதிர்கால விகுதி தானாக வந்துவிடுகிறது.

நிபந்தனை வடிவத்தில் (‘பேசுவோமே’, ‘பேசியிருப்போம்’ என்ற சாயல்) இரண்டு இடைநிலையும் அடுத்தடுத்து வரும். பார்ல் + இ + ஆர் + ஐ + ஓ.என்.எஸ், பார்லரியோன். எதிர்காலத்தின் ஆர், தொடர் இறந்தகாலத்தின் ஐ, பிறகு விகுதி. புதிதாக ஒன்றும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘நான் பேசுவேன்’ என்பது ஆர்.ஏ.ஐ என்று முடியும். ‘நான் பேசுவேனே’ என்ற நிபந்தனை ஆர்.ஏ.ஐ.எஸ் என்று முடியும். காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். பிரெஞ்சுக்காரர்களே பள்ளியில் இதைத் தப்பாக எழுதுவார்கள். ஆனால் பிரித்துப் பாருங்கள். முதலாவதில் ஏ.ஐ என்பது விகுதி: ஆர் + ஏ.ஐ. இரண்டாவதில் அதே ஏ.ஐ இடைநிலை; விகுதி எஸ்: ஆர் + ஏ.ஐ + எஸ். எழுத்து ஒன்று, வேலை இரண்டு. எழுதும்போது சந்தேகம் வந்தால் நானை எடுத்துவிட்டு நாம் போட்டுப் பாருங்கள். பார்லரோன் வந்தால் எஸ் வேண்டாம். பார்லரியோன் வந்தால் எஸ் வேண்டும்.

மூன்றாம் படி: மிஞ்சியது பகுதி, அதைச் சோதியுங்கள்

விகுதியும் இடைநிலையும் போக மிஞ்சுவதே பகுதி. அதை வினையின் மூலவடிவத்தோடு ஒப்பிடுங்கள். இ.ஆர் வினைகளில் பெரும்பாலும் அச்சு மாறாமல் இருக்கும். பிரெஞ்சு வினைகளில் பத்துக்கு ஒன்பது இந்த வகை என்பதால் பாதி நேரம் இந்தப் படி ஒரு நொடியில் முடியும்.

முடியாத இடங்களில் மிச்சமாகச் சில எழுத்துகள் நிற்கும். அவற்றைப் பகுதியோடு திணித்துவிடாமல் ஒவ்வொன்றும் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும்.

ஃபினிர் (முடித்தல்) வகை வினைகளில் ஐ.எஸ்.எஸ். ஃபின் + ஐ.எஸ்.எஸ் + ஓ.என்.எஸ், ஃபினிஸோன். லத்தீனில் ‘தொடங்குதல்’ என்ற பொருளைத் தந்த ஓர் ஒட்டு இது. இன்று பொருள் போய்விட்டது, உரு மட்டும் நிற்கிறது. நமது சாரியை மாதிரி. இதே வினை தொடர் இறந்தகாலத்தில் ஃபின் + ஐ.எஸ்.எஸ் + ஐ + ஓ.என்.எஸ் ஆகும். ஐ.எஸ்.எஸ்ஸைப் பார்த்ததும் அதிலிருக்கும் ஐ தான் கால இடைநிலை என்று நினைத்து நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. காலம் காட்டும் ஐ எப்போதும் விகுதியை ஒட்டியே நிற்கும்.

மான்ஜே (சாப்பிடுதல்) வினையில் ஓர் இ. ‘நாம் சாப்பிடுகிறோம்’ என்பதை எம்.ஏ.என்.ஜி + ஓ.என்.எஸ் என்று எழுதினால் ஜி என்ற எழுத்து ஓ முன்னால் ‘க’ போல ஒலித்து ‘மான்கோன்’ ஆகிவிடும். ‘ஜ’ ஒலியைக் காப்பாற்ற நடுவில் ஓர் இ இடுகிறார்கள். அந்த இக்குப் பொருளும் இல்லை, ஒலியும் இல்லை. காவல் வேலை மட்டும். அதனால் ஏ, ஓ முன்னால் மட்டும் வரும். மான்ஜோன் என்பதில் உண்டு. ‘சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்’ என்பதில் ஏ.ஐ முன்னால் உண்டு. ஆனால் ‘சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்’ என்பதில் ஐ வருவதால் காவலுக்கு வேலையில்லை: எம்.ஏ.என்.ஜி + ஐ + ஓ.என்.எஸ். தொடங்குதல் என்ற ‘கொமான்ஸே’ வினையில் சி எழுத்தின் கீழ் வரும் வால் இதே காரணத்துக்காக, இதே இடங்களில்.

இனி டாக்-டி. ‘வருவோம்’ என்ற வியாந்ரோன், ‘விரும்புவேன்’ என்ற வூத்ரே. பகுதியில் இல்லாத அந்த ஒலி எங்கிருந்து வந்தது? என், எல் ஒலிகளை அடுத்து ஆர் வந்தபோது வாய் ஒரு தடையொலியை இடையில் தானே உண்டாக்கிக்கொண்டது. ஓர் ஒலியிலிருந்து இன்னோர் ஒலிக்கு நாக்கு மாறும் இடத்தில் பிறந்த சந்தி அது. பட்டியலில் ‘ஒழுங்கற்ற வினை’ என்று போட்டிருப்பதில் பல இப்படிக் காரணத்தோடு வந்தவைதான்.

பகுதியே உருமாறும் வினைகளும் உண்டு. வாங்குதல் என்ற ‘அஷ்தே’யை எடுங்கள். ‘நாம்’ என்றால் அஷ்தோன், ‘நான்’ என்றால் அஷெத். அழைத்தல் என்ற ‘அப்லே’யில் நாம் அப்லோன், நான் அபெல், எழுத்தில் எல் இரட்டிக்கும். ஏன்? இந்த இடத்தில்தான் அசை வந்து உறுப்பை மாற்றுகிறது. அடுத்த அசை ஊமை இயாக (எழுத்தில் இருந்தும் பேச்சில் ஒலிக்காத இ) இருந்தால் அதற்கு முந்திய அசையும் ஊமையாக இருக்க முடியாது. ஒன்று வாய் திறந்தே ஆக வேண்டும். அதற்காக முதல் வினையில் இயின் மேல் சாய்குறி ஏறுகிறது, இரண்டாவதில் மெய் இரட்டிக்கிறது. 1990 டிசம்பர் 6 அன்று பிரான்சின் அரசிதழில் வெளியான எழுத்துச் சீர்திருத்தம் இந்த வகையில் பெரும்பாலான வினைகளுக்குச் சாய்குறியே போதும் என்றது. அழைத்தல், எறிதல் ஆகிய இரண்டும் அவற்றின் குடும்பமும் மட்டும் இரட்டிப்பை வைத்துக்கொண்டன. பழைய புத்தகத்தில் ஒருவிதமும் புதியதில் இன்னொருவிதமும் பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஏற்கப்படுகின்றன.

பிரிக்கத் தெரிந்தால் தவிர்க்கக்கூடிய பிழைகள்

‘நாம் படித்துக்கொண்டிருந்தோம்’ என்பதில் இரண்டு ஐ அடுத்தடுத்து வரும். பார்த்தால் அச்சுப்பிழை போல இருக்கும். எத்யுதி என்ற பகுதி ஐயில் முடிகிறது; இடைநிலையும் ஐ; ஆகவே ஐ + ஐ + ஓ.என்.எஸ். ஓர் ஐயை விட்டுவிட்டால் அது நிகழ்காலமாகிவிடும். பகுதி ஒய்யில் முடிந்தாலும் (செலுத்துதல், பார்த்தல்), ஜி.என்னில் முடிந்தாலும் (சம்பாதித்தல்), ஐ.எல்.எல்லில் முடிந்தாலும் (வேலை செய்தல்) இடைநிலை ஐயை விடக்கூடாது. காதில் சரியாக விழாது என்பதால் கை விட்டுவிடும். பிரித்து எழுதிப் பார்த்தவர் விடமாட்டார்.

‘ஓடுகிறோம்’ என்பது கூர் + ஓன், ஓர் ஆர். ‘ஓடுவோம்’ என்பது கூர் + ஆர் + ஓன், இரண்டு ஆர். முதல் ஆர் பகுதியுடையது, இரண்டாவது காலத்துடையது. இறத்தல் வினையும் இப்படியே. இவற்றில் இரண்டு ஆரையும் சற்று அழுத்தி நீட்டிச் சொல்வார்கள். ‘முடியும்’, ‘பார்ப்போம்’ வினைகளின் எதிர்காலத்தில் எழுத்தில் இரண்டு ஆர் இருந்தும் ஒன்றாகவே ஒலிக்கும்.

விளையாடுவேன் என்ற ‘ஜூரே’யில் காதுக்குக் கேட்காத ஓர் இ உண்டு: ஜூ + இ + ஆர் + ஏ.ஐ. மூலவடிவம் இ.ஆர் என்று முடிவதால் அந்தச் சாரியை போகாது. முடிவுக்கு வருவேன் என்ற ‘கோன்க்ல்யூரே’யில் இ கிடையாது, ஏனென்றால் அதன் மூலவடிவம் ஆர்.இ என்று முடிகிறது. ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டில் ஒன்றுக்கு இ உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. மூலவடிவத்தைப் பார்க்காமல் இதை எழுத முடியாது.

இனி அசை: முதலில் எழுத்தில்

உறுப்புக் கோடுகளை அப்படியே மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பிரெஞ்சின் அசை நமது நேரசை, நிரையசை அல்ல. யாப்பில் இரண்டு குறில் சேர்ந்து ஒரு நிரையாகும். இங்கே ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான். ஏ.ஐ, ஓ.யூ, இ.ஏ.யூ போன்று சேர்ந்து ஓர் ஒலி தரும் கூட்டங்களை ஓர் உயிராகவே எண்ணுங்கள். ஏ.ஐ.இ.என்.டி என்ற ஐந்து எழுத்தும் சேர்ந்து ‘ஏ’ என்ற ஒரே ஒலிதான்.

இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் இருந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போகும்: ஃபி-னிர். இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கொன்று: பார்-லோன், பார்-திர், ஸொர்-திர். இரட்டித்த மெய்யும் எழுத்தில் இப்படியே பிளக்கும்; கொடுத்தல் என்ற வினை டி.ஓ.என் (டாக்-டி) ஒருபுறம், என்.இ.ஆர் ஒருபுறம். ஃபினிஸோன் எஃப்.ஐ, என்.ஐ.எஸ், எஸ்.ஓ.என்.எஸ் என்று மூன்றாகும். உறுப்பாகப் பிரித்தபோது இரண்டு எஸ்ஸும் ஒன்றாக நின்றதைக் கவனியுங்கள். அசை அதை நடுவில் அறுக்கிறது.

எல்லிலோ ஆரிலோ முடியும் கூட்டெழுத்துகள் (பி.எல், சி.ஆர், டி.ஆர், வி.ஆர் போன்றவை) பிரியாது. திறத்தல் ஊ-வ்ரிர், நுழைதல் ஆன்-த்ரே, காட்டுதல் மோன்-த்ரே. ஒரே ஒலி தரும் சி.எச், பி.எச், ஜி.என் ஆகியவையும் பிரியாது: மார்-ஷே, கா-ன்யே. மூன்று மெய் வந்து கடைசி இரண்டும் இப்படி ஒட்டும் ஜோடியாக இல்லாவிட்டால் இரண்டாவதற்குப் பிறகு வெட்டு: எண்ணுதல் என்ற வினை சி.ஓ.எம்.பி ஒருபுறம், டி.இ.ஆர் ஒருபுறம்.

வரி முடிவில் சொல்லை மடக்கும்போது இந்த அசைதான் கணக்கு. ஆங்கிலத்தில் பழகியவர் கை இங்கே தடுமாறும். ஆங்கிலத்தில் ‘ஸ்பீக்-இங்’ என்று பகுதியைக் காப்பாற்றி விகுதியை உடைப்பார்கள். பிரெஞ்சில் ‘பார்-லான்’ என்றுதான் உடைப்பார்கள். எல் அடுத்த வரிக்குப் போய்விடும். கணினியில் ஆவணத்தின் மொழியைப் பிரெஞ்சு என்று அமைக்காவிட்டால் மென்பொருள் ஆங்கில முறையில் உடைத்துவிடும். மடக்குவதற்கு மேலும் சில தடைகள்: இரண்டு உயிர் எழுத்துக்கு நடுவே உடைக்கக் கூடாது, உயிர்களுக்கு இடையில் நிற்கும் எக்ஸ், ஒய் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் உடைக்கக் கூடாது, மேற்கொம்புக் குறிக்குப் (அபாஸ்ட்ரஃபி) பிறகு உடைக்கக் கூடாது, ஒரே ஓர் எழுத்தைத் தனியாக விட்டுவிடக் கூடாது. ‘பேசுகிறானா?’ என்ற ‘பார்ல-தில்’லில் இரண்டு இணைப்புக் கோடுகள் உண்டு, நடுவில் நிற்கும் டிக்கு முன்னாலுள்ள கோட்டில் உடைத்து, டியைப் பின்சொல்லோடு அனுப்ப வேண்டும்.

பிறகு வாயில்

எழுத்தில் எண்ணிய அசையும் பேச்சில் கேட்கும் அசையும் அடிக்கடி ஒத்துப்போகாது. காரணம் ஒரே ஓர் எழுத்து: ஊமை இ. ‘பேசுகிறேன்’ எழுத்தில் இரண்டு அசை, பேச்சில் ‘பார்ல்’ என்று ஒன்றே. ‘பேசுகிறார்கள்’ என்பதன் இ.என்.டியும் அப்படியே கரைந்துவிடும். மார்செய், துலூஸ் பக்கத்துத் தெற்கத்தியர் மட்டும் ‘பார்-ல’ என்று அந்த இயை வாயார ஒலிப்பார்கள்.

எப்போது விழும், எப்போது நிற்கும்? மொரிஸ் கிராமோன் என்ற ஒலியியலாளர் இதை மூன்று மெய் விதி என்று வகுத்தார். இயை எடுத்தால் மூன்று மெய் ஒன்றோடொன்று முட்டும் என்றால் இ நிற்கும்; இல்லையென்றால் விழும். இரண்டு வினைகளை அருகருகே வையுங்கள். கொடுப்போம் என்பதில் இக்கு முன்னால் ஒரே மெய்யொலி. இ விழுந்து ‘தொன்-ரோன்’, இரண்டு அசை. பேசுவோம் என்பதில் இக்கு முன்னால் ஆர், எல் என்று இரண்டு. இ நின்று ‘பார்-ல-ரோன்’, மூன்று அசை. எழுத்தில் இரண்டுக்குமே மூன்று. இப்போது கொடுப்போமே என்ற நிபந்தனையைச் சொல்லிப் பாருங்கள். ஆருக்குப் பிறகு ‘யோ’ வந்து கனம் கூடிவிடுவதால் விழுந்த இ திரும்பி வருகிறது: தொ-ன-ரியோன், மூன்று அசை. ஓர் ஐ இடைநிலை நுழைந்ததும் சொல்லின் நடையே மாறுகிறது.

அந்த ஐக்கும் ஒரு குணம் உண்டு. சாதாரணமாக அது ‘ய்’ போலக் குறுகி அடுத்த உயிரோடு ஒட்டும்: பார்-லியோன், இரண்டே அசை. முன்னால் த்ர், வ்ர், ப்ல் போன்ற கூட்டு இருந்தால் குறுக இடமில்லை. தனி அசையாக நிமிர்ந்துவிடும். நுழைந்துகொண்டிருந்தோம் ஆன்-த்ரி-யோன், மூன்று அசை. விரும்புவீர்களே வூ-த்ரி-யே, மூன்று. இதை இரண்டாகச் சுருக்கிச் சொல்ல முயன்றால் நாக்கு சிக்கும்.

இ.என்.டியைப் பார்த்ததும் ‘ஆன்’ என்று வாசிப்பது தொடக்கக்காரர்களின் பெரிய பிழை. சி.ஓ.யூ.வி.இ.என்.டி என்ற ஒரே எழுத்துக்கோவை பெயராக வந்தால் ‘கூ-வான்’, கன்னிமாடம். வினையாக வந்தால் ‘கூவ்’, அடைகாக்கின்றன. கன்னிமாடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன என்று ஒரு வாக்கியம் அமைத்தால் ஒரே சொல் இருமுறை வந்து இருவிதமாக ஒலிக்கும். உறுப்பு தெரியாமல் அசை பிரிக்க முடியாத இடம் இது. இ.என்.டி விகுதியானால் ஒலிக்காது. பகுதியின் பாகமானால் ஒலிக்கும்.

சொல்லோடு சொல் சேரும்போதும் அசை எல்லை நகரும். ‘அவன் நேசிக்கிறான்’ எழுத்தில் இல், எம் என்று இரு சொல், வாயில் இ-லெம். ‘அவர்கள் நேசிக்கிறார்கள்’ என்றால் பன்மையின் எஸ் உயிர்பெற்று இல்-ஸெம். ஒருமையா பன்மையா என்பதைக் காதுக்குச் சொல்வது அந்த ஒற்றை ஸ் மட்டுமே. வினை வடிவங்கள் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன.

‘பார்ல-தில்’லில் வரும் டி வேறு வகை. உயிரில் முடியும் வினையை அடுத்து ‘இல்’, ‘எல்’, ‘ஓன்’ வந்தால் இரண்டு உயிர் முட்டாதபடி இடையில் வந்து நிற்பது அது. மணி + அடித்தது என்பதில் யகரம் வருவதுபோல. உடம்படுமெய் என்ற பேர் இதற்கு அப்படியே பொருந்தும். ‘அங்கே போ’ என்ற ‘வா-ஸி’யில் தோன்றும் எஸ்ஸும் அதே வேலைக்காக வருவது. இவை எந்த உறுப்பையும் சேர்ந்தவை அல்ல என்பதால் கூட்டல் குறி போடும்போது தனியாக நிறுத்துங்கள்.

செய்யுளில் கணக்கு இன்னொருவிதம். பன்னிரண்டு அசை கொண்ட அலெக்ஸாந்த்ரின் அடியில், மெய்க்கு முன்னால் வரும் ஊமை இயும் ஓர் அசையாக எண்ணப்படும்; உயிருக்கு முன்னாலும் அடி இறுதியிலும் எண்ணப்படாது. இ.என்.டி என்ற விகுதியில் என், டி இரண்டும் வேலியாக நிற்பதால் உயிர் வந்தாலும் அடி நடுவில் அது எண்ணப்படும். ஏ.ஐ.இ.என்.டி மட்டும் எப்போதும் ஒன்றே.

கையோடு மூன்று பயிற்சி

வூ ஃபினிஸியே, நீங்கள் முடித்துக்கொண்டிருந்தீர்கள். உறுப்பு: ஃபின் + ஐ.எஸ்.எஸ் + ஐ + இ.இசட். பகுதி, சாரியை, இடைநிலை, விகுதி. எழுத்தில் மூன்று அசை, எஸ்ஸுக்கும் எஸ்ஸுக்கும் நடுவே ஒரு வெட்டு. பேச்சில் ஃபி-னி-ஸியே, மூன்று.

நூ மான்ஜோன், நாம் சாப்பிடுகிறோம். உறுப்பு: எம்.ஏ.என்.ஜி, காவலுக்கு இ, பிறகு ஓ.என்.எஸ். அசை இரண்டே: மான்-ஜோன். காவல் இயை உயிராக எண்ணி மூன்றாக்கினால் தவறு.

இல் ஸபெல்ரே, அவர்கள் அழைப்பார்களே. உறுப்பு: ஏ.பி.பி.இ.எல்.எல் + இ + ஆர் + ஏ.ஐ + இ.என்.டி. எல் இரட்டித்தது அடுத்துவரும் இ ஊமை என்பதால். எழுத்தில் நாலு அசை: ஏ.பி, பி.இ.எல், எல்.இ, ஆர்.ஏ.ஐ.இ.என்.டி. பேச்சில் ஊமை இ விழுந்து அ-பெல்-ரே, மூன்று. முன்னால் ‘அவர்கள்’ சேர்த்துச் சொன்னால் இல்-ஸ-பெல்-ரே. வினையின் முதல் அசைக்கு எழுவாயின் எஸ் தொடக்க மெய்யாகிவிட்டது.